எந்த மென்பொருள், எந்தக் கோப்பு: எல்லைக் கிராமக் குடும்பங்களுக்கு

கொல்லயில் பஞ்சாயத்தில், தனுவச்சபுரம் பக்கத்துப் பழைய வீடொன்றின் தகரப்பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று மொழிக் காகிதங்கள் வெளியே வரும். நில ஆதாரம், அதாவது பத்திரம், மலையாளத்தில், கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். பழைய ஞானஸ்நானச் சீட்டோ திருமண ஓலையோ தமிழில் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் அதே ஆள் ஆங்கிலத்தில் இரண்டு முன்னெழுத்துகளோடு நிற்பார். பெட்டிக்கு வெளியே இன்னும் பாதி இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டி விளவங்கோட்டில் கட்டிக்கொடுத்த அத்தை, பாறசாலையில் தங்கிவிட்ட சித்தப்பா, வளைகுடாவுக்குப் போன பேரன்மார்.

குடும்ப வரலாறு எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். மென்பொருள் செய்கிறவர்கள் மனதில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரே எழுத்து, ஒரே நாட்காட்டி, தகப்பன் வழியாக இறங்கும் ஒரு குடும்பப்பெயர். நம் குடும்பங்கள் அப்படி இல்லை. ஆகவே நம்மிடம் உள்ள காகிதம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு இடம் தருகிற மென்பொருளைத் தேட வேண்டும். காகிதத்தில் இருப்பதை இருக்கிறபடியே ஓரிடத்திலும், நாம் அதைப் புரிந்துகொண்ட விதத்தை இன்னோரிடத்திலும் எழுத முடிய வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிக்கச் சொல்லும் மென்பொருள் எவ்வளவு அழகாக மரம் வரைந்தாலும் நமக்கு ஆகாது.

தேதி

முதல் சோதனை கொல்லம் ஆண்டு. ஆதாரத்தில் "1088 கும்பம் 10" என்று இருக்கிறது. கொல்லம் ஆண்டு சிங்ஙம் 1ஆம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில், பிறக்கிறது. சிங்ஙத்திலிருந்து டிசம்பர் 31 வரை உள்ள நாள் என்றால் கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் கர்க்கடகக் கடைசி வரை என்றால் 825. தனு மாதம் மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைக்கும்; அதன் முதல் பாதிக்கு 824, பின்பாதிக்கு 825. ஆக 1088 கும்பம் 10 என்பது 1913 பிப்ரவரியின் பின்பாதி. சரியான நாளைப் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாதம் இல்லாமல் "1088" என்று மட்டும் இருந்தால் 1912 என்றோ 1913 என்றோ ஒன்றை எழுதிவிடக் கூடாது. "1912 ஆகஸ்டுக்கும் 1913 ஆகஸ்டுக்கும் இடையில்" என்று எழுத மென்பொருள் விட வேண்டும். நல்லவை விடும்.

கொல்லம் நாட்காட்டியைத் தானாகப் புரிந்துகொள்ளும் குடும்ப வரலாற்று மென்பொருளை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். யூத, இஸ்லாமிய, பாரசீக நாட்காட்டிகளைத் தெரிந்துவைத்திருக்கும் கிராம்ப்ஸ் (Gramps) என்ற இலவச மென்பொருளிலும் கொல்லம் இல்லை. ஆனால் ஆங்கிலத் தேதியோடு மூலச் சொற்களையும் சேர்த்துவைக்க அதில் இடம் உண்டு. "1088 கும்பம் 10" என்பதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அங்கே இடுங்கள். நாளை ஒருவர் உங்கள் கூட்டலைச் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி.

எக்செல் தாளில் பதிகிறவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் பெரியவர்கள் கொல்லம் ஆண்டை இரண்டு இலக்கத்தில்தான் சொல்வார்கள், எழுதுவார்கள். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் இன்றைக்கும் "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்"தான். கொல்லம் 1099 கர்க்கடகம். "12-3-99" என்று ஒரு கட்டத்தில் தட்டினால் எக்செல் கேட்காமலேயே அதை 1999ஆக மாற்றிவிடும். ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டு ஒரே நொடியில் போய்விடும், தாளில் அடையாளமும் இருக்காது. 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக ஏற்கவும் அதற்குத் தெரியாது. தட்டத் தொடங்கும் முன்பே தேதி நிரலை "உரை" என்று மாற்றிவிடுங்கள். மூலத் தேதிக்கு ஒரு நிரல், ஆங்கிலத் தேதிக்கு இன்னொரு நிரல். ஆங்கிலத் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதினால் வரிசைப்படுத்தும்போது கலையாது.

தேதியே இல்லாத பிறப்புகளும் உண்டு. "வெள்ளத்தப்போ கைப்பிள்ளை", "மகரத்துப் பூசம்" என்றுதான் கிடைக்கும். நட்சத்திரத்தைத் தனிப் பண்பாகப் பதியுங்கள். ஆண்டும் மாதமும் வேறெங்காவது கிடைத்தால் நட்சத்திரம் நாளைக் காட்டிக்கொடுக்கும்.

இடம்

அடுத்த சோதனை எல்லை. 1949 ஜூலை 1 வரை கொல்லயிலும் விளவங்கோடும் திருவிதாங்கூர் சமஸ்தானம். அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலூக்காக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சென்னையோடு சேர்க்கச் சொல்லி நடந்த தமிழர் போராட்டத்தில் கேட்கப்பட்ட, கொல்லயில் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலூக்கா கேரளத்தில் நின்றது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969இல். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே, இரண்டு மாநிலத்தார் ஆனார்கள்.

1930இல் விளவங்கோட்டில் பிறந்தவருக்குப் பிறந்த இடம் "கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு" என்று எழுதினால் அது பிழை மட்டுமில்லை, தேடுகிறவரைத் தவறான அலுவலகத்துக்கும் அனுப்பிவிடும். குமரி மாவட்டத்துப் பழைய நில ஆவணங்கள் பல மலையாளத்தில் இருப்பதற்கும் காரணம் அந்தத் திருவிதாங்கூர்க் காலமே. திருச்சபைப் பதிவேடுகளுக்கும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. லண்டன் மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. 1959இல் அந்தச் சபைகளின் பேராயம் தென்கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. லத்தீன் கத்தோலிக்கரில் நெய்யாற்றின்கரை 1996இல்தான் தனி மறைமாவட்டம் ஆயிற்று.

இந்த மாற்றங்களையெல்லாம் தாங்குகிற இட அமைப்பு கிராம்ப்ஸில் இருக்கிறது. அதை நான் முதலில் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். அங்கே கொல்லயிலை ஒரு முறை பதிந்தால் போதும். அது எந்தத் தாலூக்காவுக்குள், எந்த அரசுக்குள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தது என்று அடுக்கடுக்காகச் சொல்லலாம். பாறசாலை, பாறச்சால என்ற மாற்றுப் பெயர்களையும் மொழி குறித்துச் சேர்க்கலாம். இடத்தை வெறும் ஒரு வரியாகக் கேட்கும் மென்பொருள் உங்களுடையது என்றால், நிகழ்வு நடந்த காலத்துப் பெயரை அந்த வரியிலும் இன்றைய பெயரைக் குறிப்பிலும் எழுதுங்கள். சர்வே எண்ணுக்கும் இதே நியாயம். மறு அளவையில் எண் மாறியிருக்கும். பழையது, புதியது இரண்டும் வேண்டும். ஆதார எண் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

பெயரும் முறையும்

குடும்பப்பெயர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் பலரும் நாடார், பிள்ளை, நாயர் என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது முந்நூறு பேரும் ஒரே பெயரின் கீழ் வந்து குவிவார்கள். தேடல் பயனற்றுப் போகும். அப்படிப்பட்ட பெயரைப் பின்னொட்டுக் கட்டத்தில் வையுங்கள். தகப்பன் பெயரைத் தகப்பன்வழிப் பெயர் என்று அடையாளமிட்டுச் சேர்க்க கிராம்ப்ஸ் விடுகிறது. இல்லையென்றால் குடும்பப்பெயரைக் காலியாக விடுவதில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பகுதியில் ஆளை அடையாளம் காட்டுவது வீட்டுப்பேர். விளை, விளாகம், கோணம் என்று முடியும் பெயர்கள். ஆதாரத்தில் எழுதுவதும் அதைத்தான். பாகம் பிரிந்து புதுவீடு வைத்தால் வீட்டுப்பேரும் மாறும் என்பதால், ஆண்டு குறித்த தனிப் பண்பாக அதைப் பதிவது நல்லது. மலையாள ஆதாரத்திலும் தமிழ்ப் பதிவேட்டிலும் ஆங்கிலச் சான்றிதழிலும் உள்ள மூன்று வடிவங்களையும் ஒரே ஆளின் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். ஒன்றைச் சரியென்று வைத்து மற்றதை அழிக்காதீர்கள்.

உறவு விஷயத்தில் பதிவதற்கு முன்னே கேட்கிற விதம்தான் முக்கியம். "அவரு எங்க அண்ணன்" என்று ஒரு பாட்டி சொன்னால், "ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவங்களா, பெரியப்பா பிள்ளையா?" என்று கேட்டே ஆகவேண்டும். பெரியப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்கு அண்ணன்தான். மென்பொருளுக்கு முறைச்சொல் வேண்டாம். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார் என்ற இணைப்புகள் மட்டும் போதும். முறையை அதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன சொல்லைக் குறிப்பில் அப்படியே வையுங்கள்.

மாமன் மகளைக் கட்டிய திருமணம் வரும்போது புதியவர்கள் ஒரே ஆளை இருமுறை பதிந்துவிடுகிறார்கள். தகப்பனின் தாய்மாமனாக ஒருவர், தாய்க்குத் தகப்பனாக இன்னொருவர் என்று. புதிய ஆளைச் சேர்க்கும் முன் "ஏற்கெனவே உள்ளவர்" பட்டியலில் தேடும் பழக்கம் வேண்டும். ஒரே ஆள் இரண்டு வழியில் உறவாவதைத் தடுக்கிற அல்லது எச்சரித்துக்கொண்டே இருக்கிற ஆப்பை விட்டுவிடலாம்.

தரவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் நுட்பமானது. பழைய நாயர் ஆதாரங்களில் தகப்பன் பெயர் இல்லாமலே இருக்கும். குடும்பத் தலைவரான காரணவன் பெயரும், அவருடைய அனந்திரவன் என்ற குறிப்பும் இருக்கும். அனந்திரவன் மகன் அல்ல. தாய்வழியில் இளையவர், பெரும்பாலும் சகோதரியின் பிள்ளை. அவரை மகனாகப் பதிந்தால் மரம் முழுவதும் திரிந்துபோகும். திருவிதாங்கூர் நாயர் சட்டங்கள் 1912இலும் 1925இலும் இந்த முறையைத் தளர்த்தின. நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கும் 1926இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குத் தகப்பன் கட்டம் காலியாக, தாய் மட்டும் உள்ள குடும்பத்தைப் பதிய மென்பொருள் விடுகிறதா, ஒரு மூத்த பெண்ணிலிருந்து மகள்வழி மட்டும் இறங்கும் வரைபடம் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மென்பொருள்

இந்தத் துறையில் மென்பொருள்கள் சாகும். மார்மன் திருச்சபை இலவசமாகத் தந்து உலகமெங்கும் பயன்பட்ட பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் 2013இல் நிறுத்தப்பட்டது. ஆய்வாளர்கள் பெரிதும் மதித்த தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014இல். ஃபேமிலி ட்ரீ மேக்கரை நிறுத்துவதாக 2015 டிசம்பரில் ஆன்செஸ்ட்ரி நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் வாங்கியதால் தப்பியது. உங்கள் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்கப்போகும் கோப்பு இப்படி ஒரு நிறுவனத்தின் ஆயுளை நம்பி இருக்கக் கூடாது.

அதனால்தான் ஜெட்காம் என்ற பரிமாற்ற வடிவம் முக்கியம். 1984இல் அதே மார்மன் திருச்சபை உருவாக்கியது. வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியும் 0, 1, 2 என்ற நிலை எண்ணில் தொடங்கும். நோட்பேடில் திறந்து கண்ணால் படிக்கலாம். 1999இன் 5.5.1 பதிப்புதான் இன்னும் பரவலாகப் புழங்குகிறது. 2021இல் வந்த 7.0 பதிப்பில் நமக்கு மூன்று நன்மைகள் உண்டு. கோப்பு எப்போதும் யூடிஎஃப்-8 யுனிகோடில்தான் இருக்க வேண்டும். ஒரு பெயரின் தமிழ், மலையாள, ஆங்கில வடிவங்களை மொழிக்குறியோடு அடுக்கலாம். தேதிக்கு மூலச் சொற்றொடரைச் சேர்க்கவும் முறையான இடம் உண்டு. ஆனால் எல்லா மென்பொருள்களும் 7.0க்கு வந்துவிடவில்லை.

என் பரிந்துரை இது: கணினி உள்ளவர்கள் கிராம்ப்ஸில் தொடங்குங்கள். 2001 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; காசில்லை. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அது உண்மை. ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் காகிதம் ஆதாரம், அதை எவ்வளவு நம்பலாம் என்று குறிக்கும் வசதி அதில் ஆழமாக இருக்கிறது. அந்தப் பொறுமைக்கு அது தகும். ஷார்ஜாவிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் உறவினர்கள் சேர்ந்து பதிய வேண்டுமென்றால் இணைய வழங்கியில் ஓடும் வெப்ட்ரீஸ் அல்லது கிராம்ப்ஸ் வெப்; அந்த வழங்கியை நிர்வகிக்கத் தெரிந்த ஒரு இளையவர் வீட்டில் இருந்தாக வேண்டும். கணினியே இல்லை, கைபேசி மட்டும்தான் என்றால் மரம் வரையும் ஆப்பைவிடக் கூகுள் தாள் மேல்: ஆளுக்கு ஓர் எண், தகப்பன் எண், தாய் எண், துணை எண், தேதிகள், ஆதாரம். பின்னால் அதை எதற்கும் மாற்றலாம்.

எதைத் தேர்ந்தாலும் ஆயிரம் பேரை ஏற்றும் முன் ஐந்து பேரை வைத்துச் சோதியுங்கள். தமிழில் ஒரு பெயர், அதன் மலையாள மாற்றுப் பெயர், ஒரு கொல்லம் தேதி, ஒரு மாமன் மகள் திருமணம், ஒரு தத்துப்பிள்ளை, ஒரு புகைப்படம். ஜெட்காமாக ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். பிறகு அதை வேறொரு மென்பொருளில் இறக்குமதி செய்யுங்கள். கிராம்ப்ஸின் அடுக்கு இட அமைப்பு ஜெட்காமில் ஒரே வரியாகத் தட்டையாகும். புகைப்படம் வராது, அதன் முகவரி மட்டும் வரும். எது உதிர்கிறது என்று முன்பே தெரிந்தால் அதைக் குறிப்பிலும் எழுதிவைக்கலாம். ஏற்றுமதியே தராத ஆப் என்றால் சோதனை அங்கேயே முடிந்தது. கிராம்ப்ஸில் வேலை செய்கிறவர்கள் அதன் சொந்த வடிவிலும் படங்கள் சேர்ந்த பொதியாக ஒன்றை எடுத்துவையுங்கள்; அதில் எதுவும் உதிராது.

எழுத்து

பாமினி, செந்தமிழ் போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சகத்தார் தட்டிக்கொடுத்த குடும்ப மலர்கள் பல வீடுகளில் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு யுனிகோடாக்கலாம். மாற்றியபின் ஒரு முறை முழுதும் படித்துப் பார்ப்பது அவசியம்.

யுனிகோடிலும் சறுக்கல் உண்டு. கொல்லயில் என்ற பெயரின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமில்லை, சில மென்பொருள்களின் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பௌல் என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல்தான் தனிக் குறியிடம் கிடைத்தது. அதற்கு முன் தட்டிய நெய்யாற்றின்கரையும் பின் தட்டியதும் கணினிக்கு வேறுவேறு. குடும்பத்தில் எல்லோரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்துவது இதற்கு எளிய தீர்வு.

படமும் குரலும்

ஆதாரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த தேதி உள்ளிட்ட விவரங்களும் உதிரும். "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்து முத்திரையும் வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டும் வீட்டுப்பேரும் ஆவண வகையும் இருந்தால் மென்பொருள் இல்லாமலே தேடலாம். பெரியவர்களின் குரல்பதிவில் கைபேசி தந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, வெட்டித் திருத்துவதைப் பிரதியில் செய்யுங்கள். பிரதிகள் மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில்.

உயிரோடு இருப்பவர்கள்

ஆதார் எண், கைபேசி எண், நோய் விவரம், யார் யாரைவிட்டுப் பிரிந்தார் என்பது எதுவும் பகிரும் கோப்பில் இருக்கக் கூடாது. ஃபேமிலிசர்ச் போன்ற தளத்தின் பொது மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அங்கே ஏற்றியதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. தத்தெடுப்பும் முதல் திருமணமும் சில வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரியாது. அதை ஒரு வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி யாருக்கும் நேரக் கூடாது. கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டுக்குறி உண்டு. ஏற்றுமதி செய்யும்போது பூட்டிய பதிவுகளையும், உயிரோடு இருப்பவர்களையும் விலக்கும் தெரிவுகள் தனித்தனியே இருக்கும். உறவினர் ஒருவர் கோப்பைக் கேட்டால் அந்த இரண்டையும் தெரிவுசெய்து எடுத்த பிரதியைத்தான் கொடுங்கள்; அனுப்பும் முன் நோட்பேடில் திறந்து, உயிரோடு இருக்கும் இரண்டு மூன்று பேரின் பெயரைத் தேடிப் பாருங்கள்.